முப்பத்தாறாம் பக்கம்

குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. தையல்நாயகி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பேராசிரியர் வரப்போகிறார். வந்ததும் எழுந்து நிற்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு சொல்வதற்கென்று திருச்சியிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்று? ஐயா, தெரியாமல் நடந்துவிட்டது. இல்லை, தெரியாமல் என்று ஆரம்பிக்கக் கூடாது. தெரிந்துதானே செய்தாள். ஐயா, உங்கள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்றால். இது இன்னும் மோசம், மரியாதை இருக்கிறவள் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளா என்று அவர் திருப்பிக் கேட்டால் உட்கார்ந்திருக்கிற இடம் தெரியாமல் போய்விடும். உள்ளே மறுபடி ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது. அப்பாடா என்று முதுகைச் சாய்த்தாள். சாய்த்ததும் இந்த அப்பாடாவுக்கு என்ன பொருள் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. இன்னும் நாலு சொம்பு தள்ளிப்போவதற்கு ஒரு சந்தோஷமா. கதவைத் திறந்து உட்காரச் சொன்ன அவருடைய மகள் பூவழகி, "அப்பா சனிக்கிழமைன்னா எண்ணெய் தேச்சுக்குவாங்க, கொஞ்சம் நேரமாகும், காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்டபோது அந்த முகத்தில் ஏதாவது இருந்ததா? வழக்குப் போடப்போகிற வீட்டில் காப்பி கொடுப்பார்களா? கொடுப்பார்கள். நல்ல மனிதர்கள் வழக்கும் போடுவார்கள், காப்பியும் கொடுப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. காப்பி வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. அதுவே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

போன வாரம் தொலைபேசியில் அந்தக் குரல் நாலே வாக்கியம்தான் சொன்னது. நான் கலியபெருமாள் பேசறேன், சிதம்பரத்துலேர்ந்து. உங்க புத்தகம் பார்த்தேன், முப்பத்தாறாம் பக்கம். இது போன்ல பேசற விஷயம் இல்ல. ஒரு நாள் நேர்ல வாங்க. அவள் சரிங்கய்யா என்றாளா, என்னய்யா என்றாளா, நினைவில்லை. கோபமான குரலா என்று கணவர் கேட்டார். கோபம் இல்லை. சாதாரணக் குரலா என்று கேட்டார். சாதாரணமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்திரு என்று மட்டும் சொல்வார்களே, அந்தக் குரல். கேஸ் போட்டா என்ன பண்ணுவே என்று கேட்டுவிட்டுக் கணவர் குளிக்கப் போய்விட்டார். எல்லா ஆண்களும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு இரவு சகாயராணிக்குப் போன் செய்தாள். சகாயராணி கல்லூரித் தோழி, இப்போது வக்கீல். இந்தப் புத்தகத்துக்கு முதலிலேயே யோசனை சொன்னவளும் அவள்தான். அவள் அப்போதும் சொன்னாள், இப்போதும் அதையே சொன்னாள். எழுதினவர் செத்து அறுபது வருஷம் தாண்டிட்டா அது ஊர்ச்சொத்துடி, யார் வேணா அச்சுப் போடலாம். பாட்டைப் பாடின உன் பத்தர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பேராசிரியர் எழுதின முன்னுரை, அடிக்குறிப்பு, அதெல்லாம் அவர் சொத்து. நீ தொட்டியா? தொடலை இல்ல? அப்புறம் என்ன, போய்த் தூங்கு.

தொடவில்லை. அது உண்மை. அவள் போட்ட புத்தகம் கொள்ளிடத்து ஓடப்பாட்டு. அப்பாசாமிப் பத்தர் பாடியது. நகை செய்கிற மனிதர், வெள்ளத்தில் ஊரோடு ஓடத்தில் ஏறித் தப்பித்த அந்த ஒரு ராத்திரியைப் பாட்டாகப் பாடிவைத்துவிட்டுப் போனார். அவர் காலத்து முதல் அச்சு சென்னையில் ஒரு நூலகத்தில் இருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். தொட்டால் உதிர்ந்தது. நாலு பக்கம் புரட்டுவதற்குள் நூலகர் அம்மாள் வந்து, போதும்மா, நகல் எல்லாம் எடுக்க விடமாட்டோம் என்று வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். மிச்சமிருந்தது எண்பதுகளில் வந்த கலியபெருமாள் பதிப்பு ஒன்றுதான். அந்தப் பதிப்பில் அவருடைய முன்னுரை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்தாள். பாட்டு பத்தருடையது. ஆனால் பத்தர் காலத்தில் சொல்லையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித்தானே அச்சடித்தார்கள். ரயில் பெட்டி மாதிரி ஒரே தொடராக ஓடுகிற அந்த வரியை இங்கே பிரி, அங்கே நிறுத்து என்று வருஷக்கணக்காக உட்கார்ந்து பிரித்தது யார்? அதை யார் கணக்கில் எழுதுவது? இதைத்தான் அச்சுக்குப் போகுமுன்பே சகாயராணியிடம் கேட்டாள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுல ரெண்டு பக்கமும் பேசலாம் என்றாள். இரண்டு பக்கமும் பேசலாம் என்றால் ஒரு பக்கம் தோற்கலாம் என்று பொருள். சரி, முன்னுரையில் அவருக்கு நன்றி என்று ஒரு வரி போட்டுவிடுகிறேனே என்றாள் தையல்நாயகி. போடாதே, போட்டா நீயே வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆயிடும் என்றாள் சகாயராணி. அதனால் பழைய பிரதியை ஒட்டி இப்பதிப்பு வெளியிடப்படுகிறது என்று எழுதினாள். ஒட்டி. அந்தச் சொல்லைத் தேடி எடுத்தபோது எவ்வளவு சாமர்த்தியமாகத் தோன்றியது. பொய் இல்லை. எண்பதுகளில் வந்ததும் பழையதுதானே. ஒட்டித்தானே எடுத்தாள். ஆனால் இந்த ஒரு வாரமாகப் பல் இடுக்கில் மாட்டின நார் மாதிரி அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. சோறு பிசையும்போது ஒட்டி. தபால் உறையை ஒட்டும்போது ஒட்டி. கருமம், தமிழில் எத்தனை இடத்தில் இந்தச் சொல் வருகிறது.

ஆனால் முப்பத்தாறாம் பக்கம் ஏன்? முன்னுரை என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். முழுப் புத்தகமும் என்று சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும். அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டாள். அவருடைய குறிப்பு எதுவும் தவறி உள்ளே வந்துவிட்டதா, இல்லை. ஒருவேளை முதல் அச்சில் பூச்சி அரித்துப்போன இடத்தை அவரே தன் சொந்த வரியால் நிரப்பியிருந்து, அதைப் பத்தர் பாட்டு என்று இவள் அச்சடித்துவிட்டாளோ? அது நடந்திருந்தால் சகாயராணியாலும் காப்பாற்ற முடியாது, உயிரோடு இருக்கிறவரின் வரியைச் செத்தவர் பெயரில் விற்றவள். இவளுடைய பதிப்பகத்துக்கு இது எட்டாவது புத்தகம். முதல் ஏழையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இதைத்தான் நாலு பேர் பேசினார்கள், அதிலும் முப்பத்தாறாம் பக்கத்தைத்தான். விடியற்காலை வெள்ளத்தில் ஓடம் போகிற இடம். ‘கொண்டை துள்ளும் நேரமடி, கிழக்கு வெளுக்குதடி.’ அந்த வரியைப் படித்த அன்றைக்குத்தான் இந்தப் பாட்டைப் போடுவது என்று முடிவே செய்தாள். ஓடம் ஆடுகிறது, உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கொண்டை துள்ளுகிறது, அந்தக் கொண்டைக்குப் பின்னால் கிழக்கு வெளுக்கிறது. உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதன் முன்னால் இருக்கிறவளின் கொண்டையைப் பார்த்திருக்கிறானே என்று முன்னுரையில் அரைப் பக்கம் எழுதினாள். அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்த அரைப் பக்கம் அது. ஒரு பத்திரிகை விமர்சனத்தில் அதை அப்படியே எடுத்துப் போட்டார்கள். அந்தக் கொண்டை அவருடையதாக இருந்துவிட்டால்? கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கிற புத்தகக் கட்டுகள் நினைவுக்கு வந்தன. அவ்வளவையும் கிழிக்கச் சொல்வார்களா, இல்லை கறுப்பு மை பூசினால் போதுமா. ஒவ்வொன்றாக எடுத்து முப்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து பூச வேண்டும். கையெல்லாம் மையாகும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகன் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கென்ன, அவரைப் பாடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று நினைத்தாள். நினைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தார். அவருடைய பதிப்பின் பின்னட்டையில் இருந்த கறுப்பு மீசைப் பேராசிரியரை எதிர்பார்த்திருந்தவளுக்கு மீசையே இல்லாத ஒரு முகம் வந்து நின்றதும் வணக்கம் சொல்லக்கூட மறந்துபோயிற்று.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. ரொம்ப நேரம் ஆயிடுச்சோ? எண்ணெய் போகவே மாட்டேங்குது. பூவு, அந்தப் புத்தகத்த எடுத்தாம்மா."

மகள் கொண்டுவந்து கொடுத்தாள். தையல்நாயகி போட்ட புத்தகம்தான். ஓரமெல்லாம் பென்சில். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"இத கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க."

"ஐயா, நான் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்."

"அப்புறம் சொல்லலாம். படிங்க."

படித்தாள். கொண்டை துள்ளும் நேரமடி, கிழக்கு வெளுக்குதடி.

"காதுல ஏதாவது இடிக்குதா?"

அவளுக்கு இடித்தது தன் நெஞ்சு மட்டும்தான். மறுபடி படித்தாள். கொண்டை, கிழக்கு. கொண்டை, கிழக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த மோனை எங்கேயோ தூரத்தில் எழுந்து நின்றது.

"மோனை இல்லீங்க" என்றாள்.

"எப்படி இருக்கும்? பத்தர் போட்டது கெண்டைம்மா. கெ-வுக்குக் கி மோனை, கொ-வுக்கு ஆகாது. கெண்டை துள்ளும் நேரமடி. மீனு! விடியற நேரத்துல கெண்டை மேல வந்து துள்ளும். அச்சுக்கோக்கிறவர் ஒரு கால சேத்துட்டார். கெ பக்கத்துல ஒரு கால். கெண்டை கொண்டையாயிடுச்சு. புத்தகம் கட்டி வந்தப்புறம்தான் பாத்தேன். பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச்சீட்டு அடிச்சு உள்ள வச்சோம். உங்க பிரதில அது இருந்துதா?"

"இல்லீங்கய்யா."

"இருக்காது. எல்லாத்துலயும் விழுந்து போச்சு. ரெண்டாம் பதிப்புல திருத்திக்கலாம்னு பாத்தேன். ரெண்டாம் பதிப்பு யார் போட்டா? அவ்வளவுதான். இத்தனை வருஷமா அந்தக் கால் அங்கேயே கெடக்குது. இப்ப நீங்க போட்டிருக்கீங்கன்னு ஒருத்தர் குடுத்தார். ஆசையா எடுத்து நேரா அந்த வரியத்தான் தேடினேன், முப்பத்தாறாம் பக்கத்துல இருந்துது. கொண்டை! முன்னுரைய பாத்தா அந்தக் கொண்டைக்கு அரைப் பக்கம்!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. நல்லா எழுதியிருக்கீங்க. நானே ஒரு நிமிஷம் கொண்டையே இருந்துட்டுப் போகட்டும்னு நெனைச்சேன்."

"அன்னிக்கு இப்படித்தான் சிரிச்சாங்க. மூச்சு கீச்சு அடைக்குதோன்னு ஓடி வந்தேன்" என்றாள் பூவழகி.

தையல்நாயகி சிரிக்கவில்லை. சிரிப்பு எங்கோ அடியில் கிளம்பிவிட்டது, ஆனால் மேலே வர வழி தெரியாமல் நின்றது. "ஐயா, உங்க புத்தகத்துலேர்ந்துதான் எடுத்தேன்" என்றாள். "உங்க பேர போடல. கேக்கவும் இல்ல."

"தெரியுதே. கால் சொல்லிடுச்சே." அவர் பக்கங்களைப் புரட்டினார். "என் முன்னுரையையோ குறிப்பையோ எடுத்திருந்தா இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பேன். எடுக்கல. பாட்டு பத்தரோடது. எனக்கு எவ்வளவு உரிமையோ உங்களுக்கும் அவ்வளவுதான்."

"சொல் பிரிச்சது நீங்கதானே?"

"நான்தான். நாலு வருஷம் ஆச்சு. அதுல ஒரு எடத்துல கோட்டையும் விட்டிருக்கேன். அம்பதாம் பக்கத்துக்கு மேல ஒண்ணு இருக்குது பாருங்க, பாயுமாறு கண்டு. நான் ஒரே சொல்லா விட்டுட்டேன். நீங்க பாயும் ஆறுன்னு பிரிச்சிருக்கீங்க. பாயற ஆத்தக் கண்டு. நீங்க செஞ்சதுதான் சரி. எனக்கு எப்படி அது தோணாம போச்சு?"

அவள் அதை மறந்தே போயிருந்தாள். ஒரு மத்தியானம் சமையல் மேடையில் வைத்துப் பிழை பார்த்தபோது சும்மா பிரித்துப் போட்டது.

"பேர போடுங்க. சட்டத்துக்காகச் சொல்லல. எந்தப் பதிப்புலேர்ந்து எடுத்ததுன்னு போட்டாத்தான் படிக்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வந்தா யார்கிட்ட போய்ச் சண்டை போடறதுன்னு தெரியும். பேர் இல்லேன்னா கொண்டைக்குப் பத்தர்தானே பதில் சொல்லணும்? பாவம், அவர் மீனத்தானே பாடினார்."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்ததும் அது அவள் பேச்சைக் கேட்கவில்லை. சிரித்தாள், கண்ணில் நீர் வந்தது, மூக்கில் வந்தது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அது பாதியில் அழுகை மாதிரியும் இருந்தது, பூவழகி ஒரு கணம் பதறிவிட்டு அப்புறம் தானும் சிரித்தாள். பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. அவர் முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார், அவள் படித்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் கையைத் தூக்கினால் நிறுத்தினாள். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன, இரண்டும் அவளுடையவை. பிழை அகப்படுவதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். புளிக்குழம்பும் அப்பளமும் போட்டுத்தான் அனுப்பினார்கள். மூன்று தரம் சோறு வாங்கிக்கொண்டாள்.

பஸ் காட்டுமன்னார்கோவிலைத் தாண்டியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தையல்நாயகி பயம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தாள். பிடுங்கிய பல்லின் இடத்தை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அப்படித் தொட்டாள். வழக்கு. இல்லை. கட்டிலுக்கடியில் இருக்கிற கட்டுகள். அவை பாட்டுக்கு இருக்கட்டும், பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து உள்ளே வைத்துவிடலாம், இந்த முறை விழாமல் ஓரத்தில் பசை தடவி வைக்க வேண்டும். அந்த அரைப் பக்கம். அது போகிறது, அடுத்த அச்சில் எடுத்துவிட வேண்டியதுதான். போவதில் கொஞ்சம் வலித்தது, அவ்வளவு நல்ல வாக்கியங்கள், இல்லாத ஒரு கொண்டைக்காக. இன்னும் ஒன்று மட்டும் கரையாமல் நின்றது. பழைய பிரதியை ஒட்டி என்று அவள் எழுதியிருந்ததை அவர் கட்டாயம் படித்திருப்பார். முன்னுரையில் கொண்டையைப் படித்தவர் அதைப் படிக்காமலா இருப்பார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும், கேட்காததால் அது அவளிடமே இருந்தது. இருக்கட்டும். இந்தப் பாட்டு கலியபெருமாள் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத, மொட்டையான வாக்கியம். படிக்கப் படிக்கக் காலுக்குப் பழகின செருப்பு மாதிரி இருந்தது. கைப்பைக்குள் போன் அடித்தது, சகாயராணி.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அவர் பேர போடப் போறேன்."

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கினியா?"

"இல்லை. சோறு போட்டாங்க, சாப்பிட்டேன்."

"உன்னையெல்லாம் வச்சுக்கிட்டு" என்று ஆரம்பித்த சகாயராணி, என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஏதோ ஒரு நிறுத்தத்தில் கூடையோடு ஒரு அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடைக்குள் என்ன இருந்ததோ, கொத்தமல்லி வாசனை வந்தது. வெயில் மடியில் விழுந்து கிடந்தது. கெண்டை, கிழக்கு. பாயும் ஆறு. பூவழகியின் குழம்பில் வெந்தயம் கொஞ்சம் கூடுதல், அதுதான் ருசி, எப்படி என்று கேட்டிருக்கலாம், கணவர் கேட்பார் என்ன ஆச்சு என்று, சொல்லிவிட்டு நான் குளிக்கப் போய்விட வேண்டும், சொல்லாமலே போனால் இன்னும் நல்லது, கதவுக்கு வெளியே நின்று கேட்கட்டும், தண்ணீர் சத்தத்தில் காதில் விழாது. கம்பி, மரம், கம்பி, வயல். எங்கோ ஒரு பள்ளம் வந்தது, தலை தூக்கிப் போட்டது, மறுபடி எதன் மேலோ மெத்தென்று சாய்ந்தது.

"கண்ணு, ஜெயங்கொண்டம் வந்துடுச்சு" என்று காதோரம் ஒரு குரல் கேட்டது. "நான் எறங்கணும். தோள எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே தலையை ஜன்னல் பக்கம் மாற்றிவைத்துக்கொண்டு அவள் தூங்கினாள்.